வண்டியை எடுக்காத டிரைவர்

அலி அக்பர் என் அக்கா சபுராவின் வீட்டுக்காரர். வேன் ஓட்டுவார், ஓட்டாத நேரத்தில் தூங்குவார். இந்த இரண்டையும் விட்டால் அந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் முடிவு கட்டி வைத்திருந்தோம். சாத்தூர் பஜாரில் எனக்கு பிளாஸ்டிக் சாமான் கடை. டீசல் போட ஊருக்குள் வரும் நாட்களில் கடைக்கு வந்து, விற்பனைக்கு அடுக்கி வைத்திருக்கும் நாற்காலிகளில் மேலே இருக்கும் ஒன்றை உருவிப் போட்டு உட்காருவார். "மாப்ள, டீ சொல்லு" என்பார். டீ வருவதற்குள் கண் சொருகிவிடும். அவர் கனத்துக்குக் கால் வளைந்துபோன நாற்காலிகளைப் பற்றி அக்காவுக்காக நான் வாயைத் திறந்ததில்லை.

வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் விடிந்தும் விடியாமலும் நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம் ஒரு பயர் ஆபீஸில் இறக்கிவிடுவதுதான் அவர் வேலை. பட்டாசு ஆலைக்கு எங்கள் பக்கத்தில் பயர் ஆபீஸ் என்று பெயர். தீப்பெட்டி செய்கிற இடம் தீப்பெட்டி ஆபீஸ். எல்லாமே ஆபீஸ்தான், உள்ளே ஒருத்தர்கூட மேசை நாற்காலியில் உட்காருவதில்லை. பெண்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் வாசலுக்கு வெளியே வாகை மரத்து நிழலில் வேனை நிறுத்தி, பின் சீட்டில் படுத்துக்கொள்வார். சுற்றிலும் கரிசல், உடைமரம், அதற்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் இன்னொன்று பிழைக்கட்டும் என்றுதான் அவ்வளவு இடைவெளி விடுகிறார்கள். ஆஸ்பத்திரி என்று ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் குண்டும் குழியுமான ரோட்டில் சாத்தூர் வரை வரவேண்டும்.

நூற்றியெட்டு வண்டியெல்லாம் அப்போது கிடையாது. நான் சொல்வது அதற்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்திய கதை. பயர் ஆபீஸில் எது நடந்தாலும் வெளியே நிற்கும் வேன்தான் ஆம்புலன்ஸ். சத்தம் கேட்டதும் அலி அக்பர் செருப்பைத் தேடமாட்டார், சாவியைத் திருகிவிடுவார். ஆட்டு மந்தைக்குள்ளும் சந்தைக் கூட்டத்துக்குள்ளும் புகுந்து வருவார். சாத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் அவர் போடும் பிரேக் சத்தத்தை வைத்தே ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். தூங்குமூஞ்சி மனுஷனுக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படி ஒரு வேகம்.

அந்த வேகத்தின் மேல் அவருக்கே நம்பிக்கை போனது சின்னச்சாமி என்கிறவரைக் கொண்டுவந்த அன்றைக்கு. வெடிமருந்து கலக்கும் இடத்தில் தீப்பிடித்து முதுகெல்லாம் வெந்துபோயிருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் ஓடிவந்து, குளிர்ச்சி என்று, முந்தின நாள் ஆட்டி வைத்திருந்த இட்லி மாவை வழித்து முதுகு பூராவும் பூசி வேனில் ஏற்றிவிட்டார்கள். வரும் வழியில் மாவு காய்ந்து இறுகிப்போனது. ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுத்தபோது அந்த ஆள் போட்ட சத்தத்தை என் மச்சான் வராந்தாவில் நின்று கேட்டார். சின்னச்சாமி பிழைக்கவில்லை. அதற்கு மாவு காரணமா, தீ காரணமா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு வேனைக் கழுவினார், திரும்பவும் கழுவினார். பின் சீட்டில் படுப்பதை விட்டுவிட்டார். "சோறு வச்சா மோந்து பாக்குறாருடா, பாதியில கைய ஒதறிட்டு எந்திரிச்சிருறாரு" என்று அக்கா என்னிடம் வந்து அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் விருதுநகரில் முதலுதவி வகுப்பு ஒன்று வந்தது. எங்கேயோ பெரிய விபத்து நடந்து, பயர் ஆபீஸுக்கு ஒரு ஆளாவது முதலுதவி படித்திருக்க வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்கினார்கள். சீசன் நேரத்தில் வேலை தெரிந்த ஆளை விட யாருக்கு மனசு வரும்? போர்மேன் ரத்தினசாமி வெளியே வந்து பார்த்திருக்கிறார். மரத்தடியில் மச்சான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"பாய், சும்மாதான இருக்கீக. நீங்க போய்ட்டு வந்துருங்க. பேரு குடுத்தாப் போதும், பின்னால உக்காந்து தூங்குங்க."

மச்சான் தூங்கப் போகவில்லை. சின்னச்சாமி அவரைத் தூங்கவிடவில்லை.

வகுப்புக்குப் போய்ப் பார்த்தால் அது பயர் ஆபீஸ்காரர்களுக்கான வகுப்பே இல்லை. காட்டிலும் மலையிலும் ஆபத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. சதுரகிரி ஏறும் பக்தர்களுக்குத் தொண்டு செய்கிறவர்கள், வனத்துறை வாட்சர்கள், மலை ஏறும் காலேஜ் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் தொப்பையும் தாடியுமாக இவர் ஒருவர்தான் பயர் ஆபீஸ் ஆள். சொல்லிக்கொடுத்தது ஸ்ரீமதி என்று மதுரையிலிருந்து வந்த பெண், என் மச்சானுக்கு மகள் வயசு. அவள் முதலில் சொன்ன வாக்கியத்தை அவர் என் கடையில் உட்கார்ந்து அப்படியே ஒப்பித்தார்: "ஆஸ்பத்திரி கிட்டத்துல இல்லாத எடம் எதுவும் காடுதான். அங்கே உங்க கையில என்ன இருக்கோ அதுதான் மருந்து, என்ன தெரியுமோ அதுதான் டாக்டர்."

"நம்ம பயர் ஆபீஸத்தான் மாப்ள சொல்லுது அந்தப் பொண்ணு. அதுக்கு எங்க தெரியப்போகுது, ஆனா நம்மளத்தான் சொல்லுது" என்றார்.

வகுப்பு நடந்த நாட்களில் அவர் எங்களைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. இரண்டு கம்பும் இரண்டு சட்டையும் வைத்து ஸ்ட்ரெச்சர் செய்வதைக் காட்டுகிறேன் என்று என் நல்ல சட்டையின் தோளைக் கிழித்தார். பாம்பு கடித்த இடத்தைக் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று டீக்கடையில் பாடம் எடுத்தார். கால் முறிந்தால் குடையை வைத்துக் கட்டுவது எப்படி என்று என் காலைக் கட்டிப்போட்டுவிட்டு, டீசல் போட நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். வாளி கேட்டு வந்த பெண்பிள்ளை என்னைப் பார்த்துப் பதறி, "என்னண்ணே, வண்டியில விழுந்துட்டீகளா" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

தீக்காயப் பாடம் வந்தபோதுதான் சிக்கல். தீப்பட்ட இடத்தில் மாவு, மை, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள், தண்ணீரை ஊற்றுங்கள், இருபது நிமிஷம் விடாமல் ஊற்றுங்கள், அதற்குப் பிறகு வண்டியில் ஏற்றுங்கள் என்று ஸ்ரீமதி சொல்லியிருக்கிறாள். எல்லோரும் தலையாட்டினார்கள். என் மச்சான் மட்டும் எழுந்து நின்றார்.

பயர் ஆபீஸில் ஒரு ஆள் முதல் நாள் கேட்கிற முதல் வார்த்தையே, மருந்துப் பக்கம் தண்ணீரைக் கொண்டுவராதே என்பதுதான். வெள்ளிப்பொடி என்று நாங்கள் சொல்லும் அலுமினியத் தூள் கலந்த வெடிமருந்தில் ஈரம் பட்டால் அது உள்ளுக்குள்ளேயே சூடாகிப் பற்றிக்கொள்ளும். மழை நாளில் அறை திறக்கமாட்டார்கள். வேர்வைக் கையைத் துடைக்காமல் மருந்தைத் தொட்டால் போர்மேன் கத்துவார். இது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறியது. அதனால்தான் ஒருத்தர் உடம்பில் தீப்பட்டால், மருந்து அப்பியிருக்கிறதே என்று தண்ணீரைக் கண்ணில் காட்டமாட்டார்கள், மாவைத் தேடி ஓடுவார்கள். வேறு ஊரில் தீப்பட்டவன்மேல் தண்ணீர் ஊற்றாதவன் முட்டாள். எங்கள் ஊரில் ஊற்றுகிறவன்தான் முட்டாள்.

"உடம்புல மருந்து இருந்தா என்னம்மா செய்யிறது? ஊத்துனா திரும்பப் பத்தாதா?" என்று கேட்டிருக்கிறார்.

ஸ்ரீமதி, "எனக்குத் தெரியலைங்க. கேட்டுச் சொல்றேன்" என்றாளாம். யார் யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, மறுநாள் அவருக்காகவே அதைத் திரும்ப எடுத்திருக்கிறாள். முதலில் உலர்ந்த துணியால் பொடியைத் தட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீர். கொஞ்சமாகத் தெளித்தால்தான் ஆபத்து, கொட்டோ கொட்டென்று கொட்டினால் சூடும் போகும், மருந்தும் போகும். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காகவே அந்தப் பெண்ணின் மேல் மச்சானுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

வகுப்பு முடிந்த கையோடு என் கடைக்கு வந்து நீல டிரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார். வேனின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிரம்மைக் கட்டினார். தினமும் வீட்டில் அதை நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவார். எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய கிறுக்குத்தனம் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரை இவர் காட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்.

வேனில் வரும் பெண்களுக்கு அது பெரிய கேலியாகிவிட்டது. குழியில் வண்டி இறங்கும்போதெல்லாம் தண்ணீர் தளும்பிச் சேலையை நனைத்தது. "டாக்டர் பாய்" என்று பெயர் வைத்தார்கள். வைத்தது குருவம்மாள். முப்பதைத் தாண்டிய மெலிந்த பெண், வாய் ஓயாது. வெடிக்குள் திரி செருகுவதில் அவள் கைக்கு அந்த பயர் ஆபீஸிலேயே ஈடு கிடையாது. அவள் புருஷன் செல்லச்சாமியும் அங்கேயே பெட்டி கட்டும் இடத்தில் வேலை பார்த்தான். வேனில் டிரம்முக்குப் பக்கத்து இடம்தான் குருவம்மாளுக்கு. சாப்பிட்டுவிட்டு அதில் கை கழுவப் போனால் மச்சான் கண்ணாடியில் பார்த்துச் சத்தம் போடுவார்.

"தீப்புடிச்சாத்தான் தருவீகளா பாய் இந்தத் தண்ணிய? அப்பம் எனக்கு வேணாம், நான் இப்பிடியே இருந்துக்கிடுதேன்" என்பாள். வேன் முழுக்கச் சிரிக்கும்.

போர்மேனுக்கு அந்த டிரம் பிடிக்கவே இல்லை. மருந்து இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு என்றார். வேன் வாசலுக்கு வெளியேதானே நிற்கிறது என்றார் மச்சான். வெளியே என்றால் சரி, உள்ளே ஒரு சொட்டு வரக்கூடாது என்று போர்மேன் சொல்லிவிட்டார்.

நல்ல வெயில் காலத்தில் அது நடந்தது. நான் அங்கே இல்லை. மச்சான் சொன்னதையும், கூட வேலை பார்த்த முத்துமாரியம்மாள் என் கடையில் குடம் வாங்க வந்தபோது சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெரிய வெடிச்சத்தம் எல்லாம் இல்லை. குருவம்மாள் இருந்த அறையில் திரிக்கட்டு ஒன்று உரசலில் பற்றி, 'புஸ்' என்று ஒரு பெரிய வெளிச்சம். மற்றப் பெண்கள் இன்னொரு கதவு வழியாக வெளியே விழுந்து தப்பித்துவிட்டார்கள். குருவம்மாள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். முழங்கை வரைக்கும் வெந்திருந்தது. வெந்த தோலின் மேலேயே வெள்ளிப்பொடி அப்பிக் கை இரண்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. ஓடி வந்தவள் வாசலைத் தாண்டி வேனுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே செல்லச்சாமியும், போர்மேனும், மொத்த பயர் ஆபீஸும் வந்தது.

மச்சான் கை சாவிக்குத்தான் போயிருக்கிறது, பழக்கம் அப்படி. பிறகு சாவியை விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு இறங்கினார். அவள் கையில் இருந்த பொடியை ஒத்தி ஒத்தித் தட்டிவிட்டார். அவளைத் தூக்கி வேனின் பின்கதவுப் படியில் உட்கார வைத்து, டிரம்மில் செம்பை முக்கினார்.

"தண்ணியத் தொடாதீக பாய், மேல மருந்து கெடக்கு" என்று போர்மேன் ஓடி வந்தார்.

"தட்டிட்டேன். தள்ளுங்க."

ஊற்ற ஆரம்பித்தார். குருவம்மாள் அலறிய அலறலில் சுற்றி நின்றவர்கள் பின்னால் போனார்கள். செல்லச்சாமி மட்டும் முன்னால் வந்தான்.

"வண்டிய எடுங்க பாய். என்ன செஞ்சுக்கிட்டிருக்கீக? வண்டிய எடுங்க."

"எடுக்கேன். இன்னுங் கொஞ்ச நேரம்."

"எம் பொண்டாட்டி சாகக் கெடக்கா, கொஞ்ச நேரங்கிறீக?"

அடுத்துச் செய்ததுதான் பெரிய பிழையாகிப்போனது. பிழை என்றால் அவர்கள் கணக்கில். குருவம்மாள் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். பயர் ஆபீஸுக்குள் இரும்பு எதுவும் கூடாது, கண்ணாடி வளையலுக்குத் தடை இல்லை. கை வீங்க ஆரம்பித்துவிட்டது. மச்சான் ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறுகையால் வளையலை ஒவ்வொன்றாக உருவினார். பாதிக்கு மேல் வழுக்கி வந்துவிட்டன. கடைசி இரண்டு வரவில்லை. அதற்கு அடியில் துண்டின் முனையைச் செருகிவைத்துக்கொண்டு உடைத்தார்.

கட்டிய புருஷன் உயிரோடு எதிரில் நிற்கிறான், ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, அன்னிய ஆம்பளை ஒருத்தர் அவன் பெண்டாட்டி வளையலை உடைக்கிறார். எங்கள் பக்கத்தில் எந்த நேரத்தில் பெண்ணின் வளையலை உடைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா? பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு கத்தினார்கள். செல்லச்சாமி மச்சானின் பிடரியில் அறைந்தான். திரும்பவும் அறைந்தான்.

"அடிக்கிறத அப்பறம் அடி. இப்பம் இந்தச் செம்பப் புடி" என்றார் மச்சான்.

செல்லச்சாமி செம்பைப் பிடுங்கித் தூர எறிந்தான். முத்துமாரியம்மாள் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளைக் கேட்டேன். "பாய் மொகத்தப் பாத்தேன்ணே. அடி வாங்குன ஆளு மாதிரியே இல்ல. பரிச்ச எழுதுற புள்ள மாதிரி வாய்க்குள்ள என்னமோ சொல்லிக்கிட்டே ஊத்துனாரு. இந்த ஆளு என்னமோ தெரிஞ்சுதான் செய்றாருன்னு பட்டுச்சு" என்றாள்.

எல்லாம் முடிந்து பல நாள் கழித்து மச்சான் சொன்னது வேறு. "தெரிஞ்செல்லாம் செய்யல மாப்ள. அந்தப் பொண்ணுக்கே தெரியாது, அது போன்ல யார்ட்டயோ கேட்டுச் சொன்னது. அந்தப் போன்ல பேசுன ஆள நான் பாத்ததுகூட இல்ல. அவன் தப்பாச் சொல்லியிருந்தா, எங் கையாலயே இவ கைய வேக வச்சிருப்பேன்ல. அத நெனச்சுக்கிட்டே ஊத்துனேன். வண்டிய எடுத்திருந்தா எனக்கு லேசு. ஓட்டுறது எனக்குத் தெரியும். நிக்கிறதுதான் முடியல."

டிரம் காலியானது. இன்னும் இருபது நிமிஷம் ஆகவில்லை. யாராவது தண்ணீர் கொண்டுவாங்க என்று கேட்டார். ஒருத்தரும் அசையவில்லை. முத்துமாரியம்மாள்தான் முதலில் போய் தன் குடிதண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு இன்னொருத்தி, அப்புறம் இன்னொருத்தி. வெயிலில் நாள் பூராவும் குடிக்க வீட்டிலிருந்து கட்டிவந்த தண்ணீர் அது. எல்லாம் குருவம்மாள் கைமேல் போனது. கடைசியில் அலறல் குறைந்து, "குளுருது பாய்" என்று அவள் முனகியதும்தான் அவர் நிறுத்தினார். அக்கா துவைத்துக் கொடுத்து வேனில் வைத்திருந்த வெள்ளை வேட்டியை எடுத்துக் கையில் ஒட்டாமல் தளர்வாகப் போர்த்திவிட்டு வண்டியை எடுத்தார். அன்றைக்கு அவர் ஆட்டு மந்தைக்கு நின்று வழிவிட்டு ஓட்டியதாக முத்துமாரியம்மாள் சொன்னாள்.

சாத்தூரில் முதலில் பார்த்த நர்ஸம்மா வேட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பாடா, மாவு இல்ல" என்று மட்டும் சொன்னாராம். அவருக்கும் அலுத்துப்போயிருக்கும். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள்.

ஊரில் மச்சானுக்குக் கிடைத்த பெயரைக் கேளுங்கள். எரிகிற உடம்பை வைத்துக்கொண்டு வண்டியை எடுக்காமல் வேடிக்கை காட்டிய டிரைவர். புருஷன் இருக்கும்போதே வளையலை உடைத்தவர். வேனில் வந்த பெண்களில் பாதிப் பேர் வேறு வேனுக்குப் போய்விட்டார்கள். செல்லச்சாமி இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போர்மேன், இனிமேல் யாரையும் வகுப்புக்கு அனுப்புவதில்லை என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நேரே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். மச்சான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "விடு மாப்ள, நானும் அங்கன நின்னு பாத்திருந்தா அடிச்சிருப்பேன்" என்றார்.

குருவம்மாள் மதுரையிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகு மச்சான் சபுரா அக்காவைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். தனியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை. அந்த ஊரில் தீப்பட்டுப் பிழைத்தவர்கள் ஏற்கெனவே சிலர் உண்டு. தோல் சுருங்கி, விரலோடு விரல் ஒட்டி, கை மூடியது மூடியபடியே நின்றுபோனவர்கள். அவர்களால் சோற்றைப் பிசைய முடியாது, தலையைப் பின்ன முடியாது. குருவம்மாள் கையும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று பயந்துகொண்டே போனார்.

கையில் தோல் அங்கங்கே வெளுத்தும் சிவந்தும் திட்டுத் திட்டாக இருந்தது. ஆனால் பத்து விரலும் தனித்தனியாக இருந்தன. மடக்கி மடக்கி நீட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லி, அவர் முன்னால் மடக்கிக் காட்டினாள். வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் மடங்கியது. அக்காவுக்குத் தன் கையாலேயே காப்பித் தம்ளரை எடுத்துக் கொடுத்தாளாம். செல்லச்சாமி வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவில்லை. இவர்கள் கிளம்பும்போது, "பாத்துப் போங்க பாய்" என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

மறுநாள் மச்சான் கடைக்கு வந்தார். டீ வந்தது, குடித்தார், தூங்கவில்லை. குருவம்மாள் விரலை மடக்கியதை எனக்குச் செய்து காட்டினார், டீக்கடைக்காரருக்குச் செய்து காட்டினார். வாளி வாங்க வந்த முன்பின் தெரியாத ஆளுக்கும் செய்து காட்டினார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அந்த மனுஷன் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. இதை இங்கேயே நிறுத்திவிட்டால் நல்ல கதை. ஆனால் தீபாவளி வந்துகொண்டிருந்தது.

தீபாவளி நெருங்க நெருங்க எங்கள் பக்கத்தில் ஆள் கிடைக்காது. ஆர்டர் குவியும், லாரிகள் லோடுக்கு வரிசையில் நிற்கும், இரண்டு கை உள்ள எல்லோரையும் கூப்பிடுவார்கள். ஒரு நாள் சாயங்காலம் போர்மேன் வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாய், ஒங்க வேன்ல வந்துச்சே குருவம்மா, கை நல்லாயிருச்சாமே. திரி செருகுறதுக்கு ஆளே பத்தல. வரச் சொல்லிருங்க."

"கை... கை முடியாதுங்க, இன்னும் தோலு சரியாகல" என்று மச்சான் திக்கித் திணறியிருக்கிறார்.

"நல்லா மடங்குதுன்னு நீங்கதான ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறீக" என்றார் போர்மேன்.

மச்சான் அந்தச் செய்தியைச் சொல்லவில்லை. போர்மேன் கேட்டபோதெல்லாம் மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னார். அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின மாதம்தான் ரம்ஜான்; பொய் சொல்லத் தெரியாத மனுஷன், நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொன்னார்.

ஒரு நாள் காலையில் அந்த ஊர் நிறுத்தத்தில் முத்துமாரியம்மாளுக்குப் பக்கத்தில் குருவம்மாள் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

மச்சான் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகக் கேட்டார். "எங்கம்மா கெளம்பிட்ட?"

"வேலைக்குத்தான் பாய். வேற எங்க போவேன்."

"இன்னும் தோலு முத்தலயே தாயி. ஒரு பொறி பட்டாத் தாங்காது."

"போர்மேன் ஆள் விட்டிருந்தாரு. ராக்காயி, சீனியம்மா எல்லாம் வரேன்னு சொன்னாகூட எடுக்க மாட்டாக, அவுகளுக்கு வெரலு ஒட்டிப்போச்சு. எனக்குத்தான் மடங்குதே." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை இருந்தது என்றார் மச்சான். அதுதான் தனக்குத் தாங்கவில்லை என்றார்.

அவர் வண்டியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்த பெண்கள் நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள். குருவம்மாள் ஜன்னலுக்குக் கிட்டே வந்து, மெதுவாக, "நீங்க ஏத்தாட்டி அடுத்த வேன்ல போயிருவேன் பாய்" என்றாள்.

அவர் கதவைத் திறந்துவிட்டார்.

இதை அன்றைக்கு நோன்பு திறந்த பிறகு என் கடையில் உட்கார்ந்துதான் சொன்னார். டீ ஆறிப்போய்க் கிடந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி உண்டு, பெண்கள் அதைப் பிடித்துத்தான் ஏறுவார்கள். குருவம்மாள் அதைப் பிடித்து ஏறியதைக் கண்ணாடியில் பார்த்தாராம்.

"பிடி நல்லா இருந்துச்சு மாப்ள" என்றார்.